ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை ஷெல்ட்டி குட்டிக்குப் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் 30 செம்மறி வைத்திருக்கிறேன். பட்டிக்குத் துணையாக ஷெட்லாந்து ஷீப்டாக் பெட்டைக் குட்டி ஒன்று வாங்கினேன். வயது 5 மாதம், எடை 6 கிலோ. மூன்று வாரமாகக் கண்ணைச் சுற்றியும் மூக்குத்தண்டிலும் முடி கொட்டுகிறது. காது நுனியிலும் வால் நுனியிலும் பொருக்குத் தட்டியிருக்கிறது. அவ்வளவாகச் சொறிவதில்லை. மருந்துக்கடையில், "சொறிதான், ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையே போடுங்கள்" என்கிறார்கள். 50 கிலோவுக்கு 1 மில்லி என்றால் குட்டிக்கு 0.12 மில்லி வருகிறது. போடலாமா? இந்த இனத்துக்கு வேறென்ன நோய் வரும்?

பதில்: போடாதீர்கள். உங்கள் கணக்கில் தப்பில்லை, நாய்தான் வேறு.

ஷெல்ட்டி என்று சுருக்கிச் சொல்லும் ஷெட்லாந்து ஷீப்டாக், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் பண்ணை நாய். கோலி என்ற மேய்ப்பு நாய்களோடு உறவுள்ள இனம். கோலி வம்சத்தில் எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு குறை ஓடுகிறது. மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியே இறைத்துத் தள்ளும் புரதத்தை உண்டாக்குவது அந்த மரபணுதான். அது பழுதானால் உள்ளே போன ஐவர்மெக்டின் மூளையிலேயே தங்கிவிடும். 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்தக் குறையைக் கோலிகளில் கண்டுபிடித்தார்கள். ஷெல்ட்டியில் கோலி அளவுக்குப் பரவலில்லை. ஆனால் உங்கள் குட்டிக்கு உண்டா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. "வெள்ளைக்கால் நாய்க்கு மருந்து கொடுக்காதே" என்று ஆங்கிலம் பேசும் நாடுகளின் கால்நடை மருத்துவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. அது எச்சரிக்கைதான், காலின் நிறத்துக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமில்லை.

இப்போது சிரிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். 1 சதவீத ஊசி மருந்து 1 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. 0.12 மில்லி என்பது 1.2 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். குறையுள்ள நாய்க்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே ஆபத்து. இதயப்புழுவைத் தடுக்க இந்த நாய்களுக்கும் தரக்கூடிய அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். உங்கள் குட்டிக்கு அது மொத்தம் 36 மைக்ரோகிராம். 1 மில்லி சிரிஞ்சில் உள்ள மிகச் சிறிய கோட்டில் மூன்றில் ஒரு பங்கு. கையால் அளக்கவே முடியாது. பக்கத்துத் தோட்டத்து நாட்டு நாய்க்கு இதே ஊசி ஒன்றும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். அந்த நாயின் மூளைக்குக் காவல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எனக்குச் சொறி மாதிரியே தோன்றவில்லை. ஸ்கேபிஸ் சொறி என்றால் நாய் இரவெல்லாம் தூங்காமல் சொறியும். காது ஓரத்தை விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாக ஆடும். வீட்டில் ஒருவருக்காவது கையில் தடிப்பு வந்திருக்கும். முடிக்குழியில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியால் வரும் சொறியில் அரிப்பு குறைவு, முகத்தில்தான் தொடங்கும், ஆகவே அதை ஒதுக்க முடியாது. படர்தாமரையையும் பார்க்க வேண்டும். ஆனால் முகம், காது நுனி, வால் நுனி மூன்றும் சேர்ந்து, ஆறு மாதத்துக்குள், அரிப்பில்லாமல் வந்தால் ஷெல்ட்டியிலும் கோலியிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெர்மடோமயோசைட்டிஸ். தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் பரம்பரை நோய் இது. ஒட்டாது, பூச்சி மருந்துக்கும் கேட்காது.

கால்நடை மருத்துவரிடம் தோல் சுரண்டல் பரிசோதனை கேளுங்கள். பிளேடில் எண்ணெய் தொட்டு, தோலைப் பிதுக்கி, லேசாக ரத்தம் கசியும் வரை நாலைந்து இடத்தில் சுரண்ட வேண்டும். மேலாகச் சுரண்டினால் டெமோடெக்ஸ் சிக்காது. கண்ணோரத்தில் சுரண்டாமல் முடியைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். முதல் நாள் களிம்பு தடவிவிட்டுக் கூட்டிப் போகாதீர்கள்.

பூச்சி தெரிந்தால் ஃப்ளூராலனர் அல்லது அஃபாக்ஸோலனர் மாத்திரை போதும். எம்டிஆர்1 குறையுள்ள நாய்க்கும் கொடுக்கலாம். 6 கிலோவுக்கு ஃப்ளூராலனர் 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, சாப்பாட்டோடு. 12 வாரத்துக்கு உண்ணியையும் பார்த்துக்கொள்ளும். வலிப்பு வந்த நாய் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பூச்சி இல்லையென்றால் தோலில் சிறு துண்டு எடுத்து பயாப்ஸி. பழைய தழும்பில் எடுத்தால் ஒன்றும் தெரியாது, புதிதாகச் சிவந்த ஓரத்தில் எடுக்க வேண்டும். டெர்மடோமயோசைட்டிஸ் உறுதியானால் வழக்கமாகப் பென்டாக்ஸிஃபிலினும் வைட்டமின் ஈயும் தருவார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் 400 மில்லிகிராம் பென்டாக்ஸிஃபிலின் மாத்திரை மெல்லக் கரையும் வகை. உடைத்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கும், மருத்துவர் சொல்லாமல் உடைக்க வேண்டாம். வெயில் இந்நோயைக் கிளறும். மலையில் குளிர்ந்தாலும் கதிர் கடுமைதான், ஆகவே பட்டி வேலை காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும். கருத்தடை செய்துவிடுங்கள். பெட்டைக்குச் சினைச்சூடு வரும் காலத்தில் நோய் கூடும், குட்டிகளுக்கும் போகும். சாப்பாட்டைக் கக்கினாலோ, நெற்றிப்பொட்டுத் தசை குழிந்தாலோ, தசையிலும் நோய் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஊசி ஏற்கெனவே போட்டிருந்தால்: தள்ளாட்டம், எச்சில் வடிதல், விரிந்த கண்மணி, கண் தெரியாமல் முட்டுதல், நடுக்கம் என்று அரை நாளுக்குள் தொடங்கலாம். காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்த விஷத்துக்கு முறிமருந்து இல்லை. அடுப்புக்கரி உதவாது; கிளர்வூட்டிய கரி, குளுக்கோஸ், படுத்த பக்கத்தை மாற்றிவிடுவது என்று நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஐவர்மெக்டின் மட்டுமல்ல. வயிற்றுப்போக்குக்கு மனிதர் போடும் லோப்பரமைடு கூடவே கூடாது. நாயை மயக்கிப் படுக்கவைக்கத் தரும் அசிப்ரோமசின், புட்டார்ஃபனால் இரண்டையும் குறைத்துத்தான் போட வேண்டும். தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். கன்னத்து உள்தோலைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினால் மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகங்கள் உண்டு, வாழ்நாளில் ஒரு தடவை போதும். அதுவரை குறை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நோய்களில், கண்ணின் பின்புறத்தில் பிறவியிலேயே வரும் கோலி கண் கோளாறை 6 முதல் 8 வாரக் குட்டியில்தான் எளிதாகப் பார்க்கலாம், பிறகு நிறமி மூடிவிடும். இனி குட்டி வாங்கினால் கேட்டு வாங்குங்கள். நடுவயதில் தைராய்டு குறைந்து குண்டாகி மந்தமாகும். ரத்தத்தில் டி4, டிஎஸ்எச் என்ற தைராய்டு சோதனைகள் இரண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னும் கவனிக்க வேண்டியது பித்தப்பை. இந்த இனத்தில் ரத்தக் கொழுப்பு பரம்பரையாகவே ஏறும், பித்தநீர் கூழாக உறைந்து பை அடைத்துக்கொள்ளும். வயதான ஷெல்ட்டி வாந்தியெடுத்து, ஈறு மஞ்சளித்தால் அன்றைக்கே ஸ்கேன். பை வெடித்தபின் செய்யும் அறுவையில் பிழைப்பது கஷ்டம். ஆட்டுக்கொழுப்பும் நெய்ச்சோறும் இப்போதே வேண்டாம்.

ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஐவர்மெக்டினாக இருந்தால், கொடுத்த பிறகு ஒரு வாரமாவது குட்டியைப் பட்டிக்குள் விடாதீர்கள். புழுக்கையிலும் மருந்து வெளிவரும், ஷெல்ட்டி புழுக்கை தின்னும். செத்த ஆட்டின் ஈரல், நுரையீரல், தலை எதையும் பச்சையாகப் போடாதீர்கள். அதைத் தின்ற நாயின் வயிற்றில் வளரும் நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சலில் விழுந்து ஆட்டுக்குள் போனால் மூளையில் நீர்க்கட்டி கட்டும், ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும். குட்டிக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாடாப்புழு மருந்தான பிரசிக்வான்டெல், கிலோவுக்கு 5 மில்லிகிராம். ஆனால் சில கலவை மாத்திரைகளில் அதோடு ஐவர்மெக்டினும் சேர்ந்திருக்கும். அட்டையின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.