சிறுவர் ஓவியப் போட்டி: அந்தப் படிவத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் சபையின் சிறுவர் ஊழியத்தில் ஓவியப் போட்டியும் ஏழைக் குடும்பங்களுக்கான உணவுப்பொருள் சேகரிப்பும் சேர்த்து நடத்துகிறோம். ஒரு ஓவியத்துக்கு நுழைவுக் கட்டணமாக இரண்டு உணவுப் பொட்டலம் என்று வைத்திருக்கிறோம். பரிசு பெறும் ஓவியங்களை இலவசமாகக் காலண்டர் போட்டுத் தருகிறேன், சேர்ந்த பொருள்களையும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று தெரிந்தவர் ஒருவர் முன்வந்திருக்கிறார். பெற்றோரிடம் கையெழுத்து வாங்க அவரே படிவமும் தந்தார். அதில் ‘ஓவியத்தின் சகல உரிமைகளையும் என்றென்றைக்கும் ஒப்படைக்கிறேன்’ என்று இருக்கிறது. சில பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். படிவங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. மேலே தொடரலாமா? - ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை

பதில்: வேண்டாம், சகோதரி. இனி யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள், வாங்கியவற்றை அவரிடம் கொடுக்காதீர்கள். காலண்டரையும் உணவுப்பொருளையும் ஒரே ஆள் கையில் ஒப்படைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். மீதியை, கமிட்டியில் உங்களை மடக்கிக் கேட்கப்போகிறவர்களுக்குப் பதில் சொல்ல வசதியாக எழுதுகிறேன்.

ஆறு வயதுப் பிள்ளை க்ரேயானில் கிறுக்கினாலும் அந்த ஓவியத்தின் உரிமை வரைந்த பிள்ளைக்குத்தான். தாளும் வண்ணமும் நீங்கள் வாங்கிக்கொடுத்தீர்கள் என்பதால் அது சபைக்கு வந்துவிடாது. பெற்றோர்கூட அந்த உரிமையைப் பிள்ளைக்காகப் பார்த்துக்கொள்கிறவர்களே. 1886-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் படைப்பாளிகளின் உரிமைக்காக ஏற்பட்ட உடன்படிக்கையில் இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. 1908-இல் அதைத் திருத்தியபோது, பதிப்புரிமைக்குப் பதிவோ முத்திரையோ தேவையில்லை, படைத்தவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது என்று ஆக்கிவிட்டார்கள். வயது வரம்பு எதுவும் கிடையாது. வரைந்தவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டும் அந்த உரிமை நிற்கும். ஏழு வயதில் வரைந்த பிள்ளை எண்பது வயதுவரை இருந்தால் 123 ஆண்டு. ஆராதனை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு தாய் போடும் கையெழுத்தில் போவது அதுதான்.

‘ஓவியம் எங்கள் அலமாரியில்தானே இருக்கிறது’ என்று பொருளாளர் சொல்வார். சொல்லட்டும். புத்தகத்தை விலைகொடுத்து வாங்கியவருக்கும் அதை மறுபதிப்புப் போட்டு விற்கும் உரிமை வருவதில்லை.

உங்களுக்குத் தேவை உரிமை மாற்றம் இல்லை, ஒரு சின்ன அனுமதி. நான்கு வரியில் நீங்களே எழுதிவிடலாம்: ‘என் பிள்ளையின் ஓவியத்தை இந்தச் சபை இந்த ஒரு காலண்டரில் மட்டும் அச்சிடச் சம்மதிக்கிறேன். வேறு எதற்கும் பயன்படுத்துவதானால் மறுபடி கேட்க வேண்டும். பெயரில் முதற்பெயரும் வயதும் மட்டும் போட வேண்டும். அசல் ஓவியத்தைத் திருப்பித் தர வேண்டும்.’ கீழே பெற்றோர் கையெழுத்து. அதற்கும் கீழே பிள்ளைக்கு ஓர் இடம் விடுங்கள். தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 12-ஆம் பிரிவில் சொல்கிறது. ‘என் படத்தை எல்லாருக்கும் காட்ட வேண்டாம்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அதோடு முடிந்தது. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைக்காதீர்கள்.

கார்ட்டூன் கதாபாத்திரங்களை வரைந்த ஓவியம் காலண்டருக்குக் கூடாது, அந்தக் கதாபாத்திரங்களின் உரிமை வேறொருவருடையது. சுவரில் ஒட்டுங்கள், பாராட்டுங்கள், அச்சுக்கு அனுப்பாதீர்கள். இதற்குமேல் சட்ட நுணுக்கம் உங்களுக்கு வேண்டியதில்லை.

இப்போது அந்த ‘இலவச’ மனிதருக்கு வருகிறேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தந்திருப்பதுபோன்ற படிவங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறந்த தேதி, பள்ளியின் பெயர், வகுப்பு, வீட்டு முகவரி, அப்பா அம்மா இருவரின் போன் எண், பிள்ளையின் புகைப்படம். ஒரு காலண்டர் அச்சடிக்க இதில் எது வேண்டும்? எதுவுமே வேண்டாம். இலவசக் காலண்டருக்கான விலையை அந்தக் கட்டங்களில்தான் வசூலிக்கிறார்கள். பிள்ளை எந்த வகுப்பு, அப்பாவின் எண் என்ன என்ற பட்டியலுக்குக் காசு கொடுக்கக் காத்திருக்கிறவர்கள் ஏராளம்: டியூஷன்காரர்கள், காப்பீட்டு முகவர்கள், இன்னும் மோசமானவர்கள். அடுத்து விளம்பரம். ஒவ்வொரு மாதத் தாளின் அடியிலும் ஒரு கடையின் பெயர் வரும். அந்தப் பணத்தைச் சபையின் பெயரைச் சொல்லித்தான் வாங்கியிருப்பார்கள், சபைக்கு ஒரு காசு கணக்கு வராது. கேட்டால் ‘அச்சுச் செலவுக்குச் சரியாகப் போய்விட்டது’ என்பார்கள். எழுத்தில் கணக்குத் தராத ஆளிடம் இலவசமாக எதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஓவியத்தை வீட்டிலிருந்து போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். இருப்பிட வசதி திறந்திருந்தால், எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். ஓவியத்தோடு வீட்டு முகவரியையும் சேர்த்து அனுப்பியதாகிவிடும். தாளாகவே வாங்குங்கள், நீங்களே ஸ்கேன் செய்யுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேநீர்ச் செலவுக்கு மூன்று பேர் கையெழுத்துக் கேட்கும் கமிட்டிகள், நூறு பிள்ளைகளின் முகவரி அடங்கிய கட்டை யாரோ ஒருவரிடம் கொடுக்கும்போது தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டால் தப்பு சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த இரண்டு பொட்டலக் கட்டணம். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் உறுத்துகிறது. யாருக்காக உணவு சேர்க்கிறீர்களோ அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளை வரையாது. கேட்டால் ‘எனக்கு வரைய வராது, அக்கா’ என்று சொல்லிவிடும். இரண்டு காசு போட்ட விதவையின் கதையை வகுப்பில் சொல்லிவிட்டு வாசலில் பொட்டலம் எண்ணுவது நன்றாக இல்லை. இன்னும் சில இடங்களில் அதிகப் பொருள் கொண்டுவந்தால் அதிக மதிப்பெண் என்று வைக்கிறார்கள். அப்புறம் அது ஓவியப் போட்டியா? போட்டியைத் தனியாக வையுங்கள், கட்டணம் வேண்டாம். உணவுக்கு ஆலய வாசலில் ஒரு மூடிய பெட்டி. யார் போட்டார்கள் என்று பெயர் எழுதாதீர்கள், அறிவிப்பில் வாசிக்காதீர்கள். பொருளின் எடையை மட்டும் எழுதினால் போதும். வலதுகை செய்வதை இடதுகை அறியாமல் கொடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதும் இப்படித்தானே.

பெட்டியில் என்ன வரலாம்? கெடாத உலர்ந்த பொருள், கடையில் மூடிய உறை பிரிக்காமல். வீட்டில் செய்த எதுவும் வேண்டாம். சமைத்ததும் வேண்டாம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது, 5 முதல் 60 டிகிரி செல்சியஸ்வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடிப்படை விதி. உங்கள் பெட்டி நாள்கணக்கில் வாசலில் இருக்கப்போகிறது. உப்பிய டின், கசியும் டின், துருப்பிடித்த டின், மடிப்போரத்தில் நசுங்கிய டின் நான்கையும் யோசிக்காமல் ஒதுக்குங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியா உள்ளே நஞ்சை உண்டாக்கியிருக்கலாம். வாசனையிலோ ருசியிலோ அது தெரியாது, ஆகையால் திறந்து முகர்ந்து பார்க்கும் வேலை வேண்டாம். தேன் வந்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்குப் போகக் கூடாது. அதே பாக்டீரியாவின் விதை தேனில் இருக்கக்கூடும், சிசுவின் குடலால் அதைத் தடுக்க முடியாது. சோப்பு, ஃபினாயில் பக்கத்தில் அரிசியை வைக்காதீர்கள், மணம் ஏறிவிடும்.

தேதி விஷயத்தில் எல்லாரையும் குழப்பி வைத்திருக்கிறார்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் அதற்குள் சாப்பிட்டால் சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்று பொருள். ‘யூஸ் பை’ என்றால் அதற்குப் பிறகு சாப்பிடாதே என்று பொருள். இரண்டையும் எறும்பு எழுத்தில், உறையின் மடிப்புக்குள் அச்சிட்டுவிட்டு, மக்கள் புரிந்துகொள்வார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நீங்கள் இந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். எந்தத் தேதியாக இருந்தாலும் தாண்டியது வேண்டாம், தேதிக்கு இன்னும் மூன்று மாதமாவது இருப்பதை மட்டும் வாங்குங்கள். வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்யக் கிடைத்த வாய்ப்பாகச் சிலர் இதை எடுத்துக்கொள்வார்கள். அதை இந்த ஒரு விதி தடுத்துவிடும்.

ஒரே ஒரு பொருள், மூடி பிரிக்காமல் இருந்தாலும், தேதி எவ்வளவு பாக்கி இருந்தாலும் வேண்டாம்: சிசுக்களுக்கான பால்மாவு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். ‘பாவம், குழந்தைக்குத்தானே’ என்று ஆசையோடு கொண்டுவருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், மறுக்க உங்களுக்கு மனம் வராது. இலவச டின் ஒரு வீட்டுக்குப் போகிறது. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு அதைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். குழந்தை குடிப்பது குறையக் குறையத் தாய்க்குப் பால் சுரப்பதும் குறைகிறது. சில வாரத்தில் டின் காலி. அடுத்த டின் வாங்கக் காசில்லை, தாயிடமும் பால் போதவில்லை. அப்புறம் தண்ணீரைக் கூட்டிக் கரைத்துக் கொடுக்கத் தொடங்குகிறார்கள், குழந்தை மெலிகிறது. இந்தச் சங்கிலியைப் பார்த்துத்தான் 1981-இல் உலக சுகாதார சபை ஒரு சர்வதேச நெறிமுறையையே ஏற்றது, தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதைக்கூட அது தடுக்கிறது. இன்னொன்று, பால்மாவு கிருமி நீக்கம் செய்த பொருள் இல்லை. மூடிய டின்னுக்குள்ளேயே கிருமி இருக்கலாம். அதனால்தான் கொதிக்கவைத்து ஆறும் தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் மாவைக் கலக்க வேண்டும் என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதல் தந்தது. சுத்தமான தண்ணீரும் எரிபொருளும் இல்லாத வீட்டில் இது நடக்குமா? டின் வந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே பால்மாவில் வளரும் குழந்தை இருக்கிறது என்று ஒரு செவிலியரோ மருத்துவரோ சொன்னால், அந்தக் குழந்தைக்கு, அவர்கள் சொல்லும் வகையை, தேவைப்படும் காலம் முழுவதும் வாங்கித் தரப் பொறுப்பேற்கலாம். முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம். பெரியவர்கள் குடிக்கும் சாதாரணப் பால் பவுடரையும் நான் தவிர்க்கவே சொல்வேன். அதைச் சிசுவுக்குக் கரைத்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு.

சேர்ந்த பொருளை யார் கொண்டுபோவது? முதலில், பெறப்போகிறவர்களிடம் நீங்களே நேரில் பேசி என்ன வேண்டும் என்று கேளுங்கள், சேகரிக்கத் தொடங்குவதற்கு முன்பே. பெட்டியிலிருந்து எடுக்கும்போது எடை போடுங்கள், கொடுக்கும் இடத்தில் மறுபடி எடை போட்டு அங்கேயே ரசீது வாங்குங்கள். இரண்டு பேராகப் போங்கள், அவர்கள் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. ‘நானே கொடுத்துவிடுகிறேன்’ என்று வண்டியோடு வருகிறவர்களிடம் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். நல்ல எண்ணெயும் பருப்பும் வழியில் இறங்கிவிடும், ஒதுக்க வேண்டிய டின்கள் போய்ச் சேரும், பொட்டலத்தைக் கையில் பிடித்து நிற்கும் பிள்ளைகளின் போட்டோ மட்டும் தவறாமல் வரும். அந்தப் போட்டோவைக் காட்டி அடுத்த சபையில் வசூல். பெறுகிறவர்களைப் படம் எடுக்கவே விடாதீர்கள்.

நடுவர் விஷயம் சுலபம். ஐந்து வயதையும் பத்து வயதையும் ஒன்றாகப் போட்டியிட விடாதீர்கள், எல்லாரையும் ஆலயத்திலேயே உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். இல்லையென்றால் பரிசு அப்பாக்களுக்குத்தான் போகும்.

கையில் இருக்கும் படிவங்களுக்கு: உங்களிடமிருந்து வெளியே போகாதவரை கவலைப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ‘ரத்து’ என்று எழுதித் தேதி போட்டு, அந்தந்தப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுத்து, மேலே சொன்ன நான்கு வரி அனுமதியைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். போனில் அந்தப் படிவங்களைப் படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தால், உரிமை ஒப்படைப்பு ரத்தாகிவிட்டது, விவரங்களை அழித்துவிடுங்கள் என்று எழுத்திலேயே அவருக்குத் தெரிவியுங்கள், போதகரின் கையெழுத்தோடு. கமிட்டி கூடும்வரை காத்திருக்க வேண்டாம்.