அழுத்தாமலே ரத்தாகும் பால்குடப் பதிவு

கேள்வி: தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கான பால்குடப் பதிவை அகப்பக்கத்தில் வைத்திருக்கிறோம். வர முடியாமல் போனால் அழுத்தச் சொல்லி, பதிந்த ஒவ்வொருவருக்கும் ‘ரத்து.பிஎச்பி?எண்=27’ என்பதுபோல ஓர் இணைப்பைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புகிறோம். யாரும் தொடாமலே பதிவுகள் ரத்தாகின்றன. செர்வரில் கோளாறா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: செர்வரில் கோளாறு இல்லை. இணைப்பைப் புலனத்தில் ஒட்டியதுமே, முன்னோட்டம் காட்டுவதற்காக அனுப்புபவரின் கைப்பேசி அந்த முகவரியைத் திறந்து பார்க்கும். உங்கள் நிரலுக்கு அதுவும் அழுத்தியதற்குச் சமம். 27-ஆம் பதிவு அப்போதே போய்விடும். மின்னஞ்சலிலும் இதே கதைதான். பாதுகாப்பு மென்பொருள்கள் இணைப்பைத் திறந்து சோதிப்பதுண்டு. 2005-இல் கூகுளின் வெப் ஆக்செலரேட்டர் பக்கங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கப் போய், சில தளங்களில் ‘நீக்கு’ இணைப்புகளையும் திறந்து தகவல்களை அழித்தது.

இணைப்பைத் திறந்தால் செர்வருக்குப் போவது ‘கெட்’ கோரிக்கை. அது படிப்பதற்கு மட்டுமே. எதையாவது மாற்றுவதென்றால் ‘போஸ்ட்’தான் வேண்டும்.

ஆகவே இணைப்பு திறக்கும் பக்கம் பெயரையும் நாளையும் காட்டி, ‘ரத்து செய்’ என்ற பொத்தானோடு நிற்கட்டும். பொத்தான் ஒரு ஃபார்முக்குள் இருக்க வேண்டும். அதன் மெதட் (அனுப்பும் முறை) போஸ்ட். கோரிக்கை போஸ்ட்தானா என்று நிரலின் முதல் வரியிலேயே பாருங்கள். இல்லையென்றால் பதிவைத் தொடாமல் பக்கத்தை மட்டும் காட்டுங்கள். வேலை முடிந்ததும், வேறு பக்கத்துக்குப் போகச் சொல்லும் 303 குறியீட்டைக் கொடுத்து ‘ரத்தானது’ பக்கத்துக்கு அனுப்பிவிட்டால், ரிஃப்ரெஷ் செய்தாலும் ஃபார்ம் மறுபடி போகாது. தரவுத்தளத்தில் அந்தப் பதிவின் வரியை அழிக்காதீர்கள். ‘நிலை’ என்றொரு நெடுவரிசை வைத்து அதை மாற்றினால் போதும், தவறினால் மீட்கலாம்.

இன்னொரு ஓட்டை, இதைவிடப் பெரியது: எண் 27 என்றால் 28-ஐத் தட்டி அடுத்தவர் பதிவை எவரும் ரத்து செய்யலாம். பிஎச்பியில் உள்ள ‘ரேண்டம்_பைட்ஸ்’ என்ற கட்டளை கொண்டு ஊகிக்க முடியாத 16 பைட் எடுத்து, ‘பின்2ஹெக்ஸ்’ஸால் 32 எழுத்துச் சாவியாக்கி, ஒவ்வொரு பதிவோடும் சேமியுங்கள். இணைப்பில் எண்ணுக்குப் பதில் அந்தச் சாவி போகட்டும்.

மாற்றியபின் ஒரு சோதனைப் பதிவின் இணைப்பைப் புலனத்தில் ஒட்டிப் பாருங்கள். முன்னோட்டம் வந்தும் பதிவு அப்படியே இருந்தால் சரி. அதற்கு முன், இதுவரை ரத்தானவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுவிடுங்கள். நேர்த்திக்கடனோடு வந்து நிற்பவருக்குக் குடம் இல்லாமல் போகக்கூடாது.