புது மைக் வாங்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். ஞாயிறுதோறும் ஆச்சியை உட்கார வைத்து, அவள் சொல்லும் ஊர்க்கதைகளைப் பாட்காஸ்ட் போடுவதற்காகப் பதிவு செய்கிறேன். 3,500 ரூபாய்க்கு யூஎஸ்பி மைக் வாங்கினேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கிறது. என் குரல் கணீரென்று விழுகிறது, ஆச்சி குரல் தேய்ந்து வருகிறது. ஃபேன் இரைச்சல் வேறு. 15,000 ரூபாயில் நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா? ஆச்சி நடுநடுவே வெற்றிலை இடிக்கும் சத்தத்தை எப்படி எடுப்பது?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய பதிவை இரண்டு தடவை கேட்டேன். குறை மைக்கில் இல்லை, நீங்கள் பதிகிற பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. உயரமான கூரை, சிமெண்டுத் தரை, வெறும் சுவர். ஆச்சி ஒரு சொல் சொன்னால் அது நாலு சுவரிலும் மோதி மறுபடி மைக்குக்கு வருகிறது. 15,000 ரூபாய் மைக் அந்த எதிரொலியை இன்னும் துல்லியமாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை. பதிவை ஓடவிட்டு மைக்கின் வலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். திரையில் அலை துள்ள வேண்டும். துள்ளவில்லை என்றால் நீங்கள் வாங்கிய மைக் சும்மா அலங்காரத்துக்கு நிற்கிறது. லேப்டாப் தன் சொந்த மைக்கில் பதிந்துகொண்டிருக்கிறது. சிரிக்காதீர்கள். சீவலப்பேரிப் பக்கம் ஒரு வில்லிசைக்காரரை இரண்டு மணி நேரம் இப்படித்தான் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் லேப்டாப் ஃபேன் பாடுகிறது, பின்னால் எங்கேயோ அவர் பாடுகிறார். மறு வாரம் போனேன். மனுசன் முகம் சுளிக்காமல் மறுபடியும் பாடினார். ஆனால் முதல் நாள் வந்த வேகம் வரவில்லை.

அடுத்து, ஆச்சி குரல் ஏன் தேய்கிறது? மைக்கை இருவருக்கும் நடுவில் வைத்து எதிரெதிரே உட்கார்ந்திருப்பீர்கள். பெரும்பாலான யூஎஸ்பி மைக்குகள் கார்டியாய்டு வகை, அதாவது முன்பக்கச் சத்தத்தை வாங்கி முதுகுப்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடும். முன்பக்கம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, முதுகு ஆச்சிக்கு. ஆச்சி பக்கத்திலேயே திண்ணையில் உட்காருகிற மாதிரி உட்காருங்கள். மைக் ஆச்சியைப் பார்க்கட்டும். கேள்வி கேட்கிற உங்கள் குரல் கொஞ்சம் தணிந்து வந்தால் குடி முழுகாது.

தூரம் ஒரு சாண். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும், சுவரில் பட்டு வருகிற எதிரொலி கிட்டத்தட்ட அதே அளவில்தான் நிற்கும். இரண்டடியிலிருந்து அரையடிக்கு வந்தால் 12 டெசிபெல் லாபம், காசு செலவில்லாமல். மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கம் சாய்த்து வைத்தால் ‘ப’கரம் வெடிக்காது. ஆச்சி கதை சூடு பிடித்ததும் பின்னால் சாய்ந்துவிடுவாள் என்றால் முந்தானையில் குத்துகிற காலர் மைக் நல்லது, சில நூறு ரூபாய்தான். பிளக்கைப் பார்த்து வாங்குங்கள்: மூன்று வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டே இருந்தால் கேமராவுக்கு.

இடத்தையும் மாற்றுங்கள். பழைய வீடு என்றால் அரங்கு வீடு இருக்குமே? ஜன்னல் இல்லாத, துணியும் நெல் மூட்டையும் அடைந்த அந்த உள்ளறைதான் உங்கள் ஸ்டுடியோ. அது இல்லையென்றால் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை ஆச்சிக்கு எதிர்ச்சுவரில் நிமிர்த்திச் சாத்துங்கள், முதுகுக்குப் பின்னால் கனத்த போர்வை ஒன்றைக் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். பத்தமடைப் பாயை மாட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். கண்ணுக்கு அழகு, காதுக்குப் பயனில்லை. மெல்லிசான பொருள் எதிரொலியைக் குடிக்காது. சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதும் அப்படித்தான்.

ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். சித்திரை வெயிலில் அது கொடுமை என்று தெரியும். விடியற்காலையில் பத்துப் பத்து நிமிடமாகப் பதிந்து, இடையில் ஃபேனைப் போட்டு ஆச்சிக்குத் தண்ணீர் கொடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் தொடங்குமுன் பத்து விநாடி யாரும் பேசாமல் அறையின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் அந்தப் பத்து விநாடியை மாதிரியாக எடுத்துக்கொண்டு மிச்ச இரைச்சலைக் குறைக்கும். 12 டெசிபெலுக்கு மேல் குறைக்காதீர்கள், ஆச்சி தாமிரபரணிக்குள் முங்கிக்கொண்டு பேசுவது போலாகிவிடும். கோயில் கொடைக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிட்டால் எந்த மென்பொருளும் உதவாது, அந்த வாரம் விடுமுறை. மயில் அகவினால் விட்டுவிடுங்கள், நம்மூர்தானே.

பதியும்போது அலையின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கட்டும். பூஜ்யத்தில் முட்டி உடைந்த சத்தத்தை ஒட்ட வைப்பது பெரும்பாடு. முடிந்தபின் மொத்தச் சத்த அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அருகில் நிறுத்துங்கள் (மோனோ, அதாவது ஒற்றைத் தடப் பதிவு என்றால் மைனஸ் 19). 40 நிமிடப் பதிவு சுருக்காத வேவ் கோப்பாக மோனோவில் சுமார் 210 எம்பி. அதைப் பத்திரமாக வையுங்கள். ஏற்றுவதற்கு 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும், 20 எம்பிக்குள் அடங்கும்.

வெளியிடுவது இப்போது எளிது. ஹோஸ்டிங் தளம் (ஒலிக்கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் சேவை) ஒன்றில் ஏற்றினால் அது ஒரு ஆர்எஸ்எஸ் ஊட்டம், அதாவது உங்கள் பதிவுகளின் பட்டியலைத் தாங்கிய இணைய முகவரி தரும். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை எல்லாம் அதைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கின்றன. அந்த ஊட்டத்தில் உங்கள் மின்னஞ்சல் வெளியே தெரியக்கூடும், அதற்கென்று தனி முகவரி வையுங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். பழைய வழிகாட்டிகள் கூகுள் பாட்காஸ்ட்டில் சேர்க்கச் சொல்லும். அது 2024லேயே மூடப்பட்டுவிட்டது. தொடக்கத்தில் சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைப் பிரச்சினை வரும். இன்னொன்று: மூன்றாம் வீட்டுக்காரரின் வரப்புத் தகராறை ஆச்சி பெயரோடு சொன்னால் அவர் பேரன் துபாயில் உட்கார்ந்து கேட்பான். அந்தப் பெயர்களை வெட்டிவிடுங்கள்.

ஏற்றுமுன் ஆச்சிக்குப் போட்டுக் காட்டுங்கள். எங்கள் பெரியம்மைக்குக் காட்டினபோது, “இது ஆருல? எங்கம்மைல்லா பேசுதா!” என்றாள். நம் குரலை நாம் காதுவழி மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறோம். அந்தக் கனம் பதிவில் இருக்காது. காரணத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வரை அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

வெற்றிலை இடிக்கும் சத்தத்தை எடுக்க வேண்டாம். ஃபேன் இரைச்சல்போல ஒரே சீராக ஓடாமல் திடீர் திடீரென்று விழுவதால், அதை எடுக்கப்போனால் பேச்சும் சேர்ந்து அடிபடும். உரல் மட்டும் மைக் நிற்கும் மேசையில் இருக்கக்கூடாது. மடித்த துணி ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். மேசைக்கால் வழியாக மைக்குக்கு ஏறுகிற ‘தொம்’ போய்விடும், ‘டொக் டொக்’ இருக்கும்.