பத்துப் பேருக்கு ஒரு சோறு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் மனைவியும் ஓசூரில் வேலை பார்க்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்கள் எட்டுப் பேர், கூடவே மூன்று குழந்தைகள், எங்கள் வீட்டுக்கு வருவார்கள். இதுவரை பிரியாணி வாங்கித்தான் சமாளித்தோம். போன முறை பன்னிரண்டரைக்குச் சொன்னது மூன்று மணிக்கு வந்தது. குழந்தைகள் பிஸ்கட் தின்றே தூங்கிவிட்டார்கள். இனி வீட்டிலேயே சமைப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். இருவருக்கும் சுமாராகச் சமைக்க வரும். சாம்பார், ரசம், இரண்டு பொரியல், கூட்டு, வடை, பாயசம் என்று மனைவி பட்டியல் போட்டிருக்கிறாள். எளிதாகச் செய்யக்கூடியதாக இன்னும் என்னென்ன சேர்க்கலாம்? நண்பர்களில் இருவர் சைவம்.

கே.

அன்புள்ள கே.,

சேர்க்க ஒன்றுமில்லை, எடுக்கத்தான் இருக்கிறது. முதலில் வடையை எடுங்கள்.

வடை விஷயத்தில் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் இதே மாதிரி ஒரு பதினாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். உங்கள் மனைவி போட்ட பட்டியலேதான், கூடுதலாக ஒரு அவியல். வடை சூடாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் உட்கார்ந்த பிறகு எண்ணெய் வைத்தேன். ஒரு ஈடுக்கு ஐந்து வடை. அடுத்த ஈடு வேகுமுன் முந்தைய ஐந்தும் காலி. ஹாலில் ஒரே சிரிப்பு. என்னடா என்று அடுப்படியிலிருந்து கத்தினால், “அப்புறம் சொல்றோம்” என்றார்கள். நான் கை கழுவிவிட்டு வந்தபோது பாதிப் பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அதனால் உங்களுக்கு ஒரே ஒரு சோறு சொல்கிறேன், கூட்டாஞ்சோறு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சமையல். அரிசி, பருப்பு, காய், கீரை, புளி, தேங்காய் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். சாம்பாரும் கூட்டும் கீரையும் தனித்தனியாகச் செய்கிற வேலை இல்லை. சின்ன வயதில் ஆளுக்கு ஒரு கை அரிசி வீட்டிலிருந்து எடுத்து வந்து, மூன்று கல் கூட்டி நாங்கள் பொங்கிச் சிரட்டையில் தின்றதற்கும் இதே பெயர்தான். அதில் பாதி புகை, பாதி மணல். இது அப்படி இருக்காது.

பெரியவர்கள் பத்துப் பேர் என்றால் 800 கிராம் அரிசி, 300 கிராம் துவரம்பருப்பு போதும். காய் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. சாதாரணப் பொன்னி அரிசியே நல்லது. பாஸ்மதி வேண்டவே வேண்டாம். உதிரி உதிரியாக நிற்கிற அரிசிக்கு இங்கே வேலையில்லை. காயில் வாழைக்காய், கொத்தவரங்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய், பாதி மாங்காய் இருந்தால் ஊர் ருசி வந்துவிடும். கேரட், உருளைக்கிழங்கு போடுவதானால் போடுங்கள், நான் பார்க்கவில்லை. காயைப் பெரிதாக நறுக்க வேண்டும். பொடிப்பொடியாக நறுக்கினால் கரைந்து, எது எந்தக் காய் என்றே தெரியாது.

குக்கரில் வைத்துவிடலாம் என்று தோன்றும். அரிசியும் பருப்பும் நுரைத்துப் பொங்குகிறவை என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. இந்த அளவு உங்கள் வீட்டு ஐந்து லிட்டர் குக்கருக்கு அடங்காது. பத்து லிட்டர் பிடிக்கிற, அடி கனத்த பாத்திரம் ஒன்று யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். அடி மெல்லிசாக இருந்தால் பருப்பு கீழே பிடித்துக்கொள்ளும். பிடித்த வாசனை மேலே வரை ஏறிவிட்டால் எந்தத் தாளிப்பும் காப்பாற்றாது.

நாலரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும், அரை மணி நேரம் ஊறிய பருப்பையும் மஞ்சள்தூளையும் போடுங்கள். பருப்பு பாதி வெந்த பிறகு அரிசி, கூடவே வாழைக்காய், கொத்தவரங்காய். அரிசியும் பாதி வெந்ததும் முருங்கைக்காய், கத்தரிக்காய். புளித் தண்ணீரை மட்டும் அவசரப்பட்டு ஊற்றிவிடாதீர்கள். புளிப்பு ஏறிவிட்டால் பருப்பும் காயும் வேக மறுக்கும். ஒரு மணி நேரம் கொதித்தாலும் கொத்தவரங்காய் நார் நாராக நிற்கும். முதல் தடவை செய்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். எல்லாம் முக்கால் பங்கு வெந்த பிறகு, பெரிய எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றி, மாங்காயும் உப்பும் போடுங்கள். அதற்கு முன்னால் குழந்தைகளுக்கு ஒரு கிண்ணம் தனியே எடுத்து, கொஞ்ச நேரம் குழைய வேகவிட்டு, உப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து கொடுத்துவிடுங்கள். மூன்றும் சாப்பிட்டு முடித்துவிட்டால் பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

அரைப்பதற்கு ஒரு முழுத் தேங்காய், மிளகாய் வற்றல் பன்னிரண்டு, சீரகம் இரண்டு தேக்கரண்டி, ஒரு கை சின்ன வெங்காயம், ஆறேழு பல் பூண்டு. மையாக வேண்டாம், கொரகொரப்பாக இருக்கட்டும். புளியின் பச்சை வாசனை போனதும் இதைச் சேர்த்து, உருவிய முருங்கைக்கீரை இரண்டு கையையும் போட்டு, தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிஷத்தில் இறக்கலாம். பக்கத்தில் ஒரு செம்பு வெந்நீர் இருக்கட்டும். சோறு நேரம் ஆக ஆக இறுகும். இறக்கும்போது கொஞ்சம் தளர இருந்தால்தான் இலையில் சரியாக இருக்கும். தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம். வடகம் கிடைத்தால் அதையும் போட்டுத் தாளியுங்கள், வாசனை வாசல் வரை போகும்.

கடித்துக்கொள்ள அப்பளமும் கூழ்வற்றலும். இவற்றைக் காலையிலேயே பொரித்து, நன்றாக ஆறவிட்டு, டப்பாவில் போட்டு மூடிவிடலாம். கறி இல்லாமல் என்ன ஞாயிற்றுக்கிழமை என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு நெத்திலிக் கருவாடு வறுத்து வையுங்கள். கூட்டாஞ்சோற்றுக்கு அது ஜோரான ஜோடி. சைவக்காரர்கள் இருவருக்காகத் தனி வாணலி, தனிக் கரண்டி. அடுக்குமாடி வீடு என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு வறுங்கள், இல்லாவிட்டால் மேல் வீட்டுக்காரரும் பதினொன்றாவது ஆளாக வந்துவிடுவார்.

முடிக்கத் தயிர்சாதம். சோற்றைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே பால் ஊற்றி மசியுங்கள். நன்றாக ஆறிய பிறகு இரண்டு கரண்டி தயிர் மட்டும் கலந்தால் போதும். காலை பத்து மணிக்குப் பிசைந்து வைத்தது இரண்டு மணிக்குப் பதமாக இருக்கும். முழுக்கத் தயிரிலேயே பிசைந்தால் அதற்குள் புளித்துவிடும். பாயசம் வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தால் வாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரையும் என்று சமாதானம் பேசிப் பாருங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

திருநெல்வேலி என்றதும் உங்கள் நண்பர்களில் யாராவது சொதி, அதாவது எங்கள் தேங்காய்ப்பால் குழம்பு, கேட்பார்கள். மறுவீட்டு விருந்தில் சாப்பிட்டவர்களுக்கு அந்த நினைப்பு போகாது. மயங்கிவிடாதீர்கள். தேங்காயில் மூன்று பால் எடுக்க வேண்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். கண் அசந்தால் திரிந்துவிடும். அதோடு இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி வைக்க எங்கள் வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள், தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக உட்கார்ந்துகொள்ளும் என்று. அது நான்கு பேர் இருக்கிற நாளில், பொறுமையாகச் செய்ய வேண்டியது.

மிஞ்சினால் கூட்டாஞ்சோற்றை ராத்திரி வரை அடுப்பிலேயே விட்டுவிடாதீர்கள். தேங்காய் அரைத்துப் போட்டது, வெயில் நாளில் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், அல்லது யாருக்காவது டப்பாவில் கட்டிக் கொடுங்கள்.

இன்னொன்று. முருங்கைக்கீரைக் கொத்தை முதல் நாள் ராத்திரி துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலை தானாக உதிர்ந்திருக்கும், உருவுகிற வேலையே இருக்காது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கொத்தை அப்படியே ஹாலில் ஒரு பேப்பரை விரித்துப் போட்டு, வருகிறவர்களைச் சுற்றி உட்கார வையுங்கள். சும்மா இருந்தால் ஆளுக்கு ஒரு போனை எடுத்துக்கொள்வார்கள். கையில் கீரை இருந்தால் பேச்சு தன்னால் வரும். பூண்டு உரிக்கவும் தேங்காய் கீறவும் நல்ல ஆட்களாகப் பார்த்துப் பிடியுங்கள்.

தேங்காய் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். மிக்ஸிக்குப் போகுமுன் பாதிச் சில்லைத் தின்றுவிடுவார்கள்.