வலிக்காத தேமல், மடங்கும் சின்னவிரல்: தொழுநோய் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

நான் டாக்டர் இல்லை, இயன்மருத்துவர். பிசியோ மிஸ் என்றால்தான் திருகோணமலையில் பலருக்கு விளங்கும். 22 வருடமாகத் தொழுநோய் வந்தவர்களின் கையையும் காலையும் பார்த்து வருகிறேன். போன மாதம் ஒரே கிழமையில் இரண்டு இளம் ஆட்கள் மடங்கிப்போன விரல்களோடு வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரு வருடத்துக்கு முன்பே விறைப்பு இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: மிஸ், மகனுக்கு 9 வயது. முதுகில் ஒரு குற்றியளவு வெளிறிய இடம். பாமசியில் தேமல் என்று கிறீம் தந்தார்கள், மூன்று மாதம் பூசியும் மாறவில்லை. சொறிவும் இல்லை. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம் தங்கச்சி, ஆனால் இந்தக் கிழமையே காட்டுங்கள். மூன்று மாதமாகியும் மாறவில்லை, சொறிவும் இல்லை என்கிறீர்கள், அதற்காகத்தான் அவசரப்படுத்துகிறேன். அழுக்குத் தேமல் என்றால் நகத்தால் சுரண்டும்போது மாவு மாதிரிச் செதில் வரும், வியர்த்தால் அரிக்கும். வெண்புள்ளி என்றால் பால் போல வெள்ளை. தொழுநோய் அடையாளம் முழு வெள்ளையாக இருக்காது, வெளிறியோ செம்பு நிறத்திலோ இருக்கும், அரிக்காது, பிள்ளை விளையாடிவிட்டு வரும்போது சுற்றிவர வியர்த்திருக்க அந்த இடம் மட்டும் காய்ந்து கிடக்கலாம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பஞ்சைத் திரி மாதிரி முறுக்கி, பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, அந்த இடத்திலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறி மெல்லத் தொடுங்கள், தொட்டதும் 'ஓம்' சொல்லட்டும். அந்த இடத்தில் மட்டும் சொல்லாமல் இருந்தால் அது பெரிய அடையாளம். ஆனால் உணர்ச்சி இருக்கிறது, ஆகவே தொழுநோய் இல்லை என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். முகத்தில் வரும் அடையாளங்களில் உணர்ச்சி இருக்கலாம். கிருமி கூடுதலாக உள்ள வகையில் நிறைய அடையாளங்கள் வரும், காது மடல் தடிக்கும், தோல் எண்ணெய் பூசியது போல மினுங்கும், தொட்டால் தெரியவும் செய்யும். ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். வழி தெரியாவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேட்டால் காட்டிவிடுவார்.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: எத்தனையோ கிருமி இருக்க, இது மட்டும் ஏன் நரம்பைப் பிடிக்கிறது?

நல்ல கேள்வி நானா, இதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கிருமியை 1873இல் நோர்வேயில் ஹன்சன் என்ற வைத்தியர் கண்டுபிடித்தார், அதனால் ஹன்சன் நோய் என்றும் சொல்வார்கள். இன்றுவரை ஆய்வுகூடத் தட்டில் இதை வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற விலங்கிலும்தான் வளர்த்து ஆராய்கிறார்கள். வயிற்றோட்டக் கிருமிகள் சில அரை மணித்தியாலத்துக்குள் இரண்டாகப் பெருகும், இது இரண்டாக 12 முதல் 14 நாள் எடுக்கும். ஆகவேதான் உடம்புக்குள் வந்து சராசரியாக ஐந்து வருடம், சிலரில் 20 வருடம் கழித்தும் நோய் வெளியே தெரிகிறது. யாரிடமிருந்து தொற்றியது என்று வீட்டுக்குள் சண்டை பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

இந்தக் கிருமிக்குக் குளிர்ச்சி வேண்டும். 27 முதல் 33 பாகை செல்சியஸ் அளவில் நன்றாக வளரும், உள்ளுடம்பின் 37 பாகை அதற்குச் சூடு. ஆகவே தோல், மூக்கு, காது மடல், பிறகு தோலுக்குக் கிட்ட ஓடும் நரம்புகள் என்று இடம் பிடிக்கிறது. முழங்கையின் உள்பக்கம், மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்காலின் உள்பக்கம், கன்னத்தால் கண்ணுக்குப் போகும் நரம்பு, இவைதான் பெரும்பாலும் அடிபடும். நரம்பிழையைப் போர்த்திக்கொண்டிருக்கும் சுவான் கலங்கள் என்று உண்டு. அவற்றின் மேலுள்ள லமினின் என்ற புரதத்தில் இந்தக் கிருமி ஒட்டி உள்ளே போய்விடும் என்று 1990களின் ஆய்வுகள் காட்டின.

ஆனால் பெரும் சேதம் கிருமியால் நேராக வருவதில்லை. ஒளிந்திருக்கும் கிருமியை எங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கண்டுகொண்டு தாக்கும்போது நரம்பு வீங்குகிறது. வாய் தைத்த நெல்லு மூட்டை மழையில் நனைந்தால் நெல்லு ஊதும், சாக்கு இடம் கொடுக்காது. நரம்பின் உறையும் அப்படித்தான். உள்ளே நெருக்கம் கூடி, இரத்த ஓட்டம் குறைந்து, இழைகள் சாகத் தொடங்கும்.

மூதூரிலிருந்து: என் கணவர் வயல் வேலை செய்பவர். மருந்து தொடங்கி நாலு மாதம். இப்போது பழைய அடையாளம் சிவந்து வீங்கிவிட்டது, முழங்கையில் நோவு, சின்னவிரலில் பலமில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்து என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள்.

நிறுத்த வேண்டாம். நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அடுத்த தவணைத் திகதி வரும்வரை இருக்க வேண்டாம். இதற்குப் பெயர் ரியாக்ஷன். குளிசைக்கு வந்த ஒவ்வாமை இல்லை, நான் மேலே சொன்ன அந்த எதிர்ப்புச் சக்தியின் தாக்குதல். செத்த கிருமியின் துண்டுகளுக்கு எதிராகவும் உடம்பு இப்படிப் பொங்கும். அதனால் மருந்து எடுக்கும்போதும் வரும், மருந்து முடிந்து ஒன்றிரண்டு வருடத்துக்குப் பிறகும் வரும். முழங்கை நோவும் சின்னவிரல் பலவீனமும் சேர்ந்து வந்தால் அங்கே ஓடும் நரம்பு நெரிபடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையைக் கூடிய அளவில் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். சீனி, பிரஷர், காசநோய் எல்லாம் பார்த்துத்தான் தருவார்கள், பாமசியில் நீங்களாக வாங்கவே கூடாது. எவ்வளவு காலம் தர வேண்டும் என்று இந்தியா, நேபாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2017இல் முடிவு வந்தது. நரம்புப் பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தவர்களில் ஒரு பகுதிக்கு 20 கிழமையும் மற்றவர்களுக்கு 32 கிழமையும் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு முன்னேற்றம், கூடக் கொடுத்ததால் கூடப் பலன் இல்லை. அதற்கு முன், நேபாளத்திலும் வங்காளதேசத்திலும் நடந்து 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில், பாதிப்பு வந்து ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்வரை கழித்து வந்தவர்களுக்கு இதே பிரட்னிசோலோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது கொடுக்காதவர்களை விட அவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. ஒரே குளிசை, ஒரே நோய், பிந்திவிட்டால் வேலை செய்யாது. அந்த ஆய்வுத் தொடரின் இன்னொரு பிரிவில், ரியாக்ஷன் வருமுன்பே குறைந்த அளவில் கொடுத்துத் தடுக்கலாமா என்று பார்த்தார்கள். கொடுக்கும்வரை குறைந்தது, ஒரு வருட முடிவில் அந்தப் பலன் நிற்கவில்லை. ஆக, முன்கூட்டியே மருந்து போட்டுத் தப்பவும் வழியில்லை, வந்தவுடன் கண்டுபிடிப்பது ஒன்றுதான் கையில் இருக்கிறது.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கடற்றொழிலாளர் இப்படித்தான் சிவந்த அடையாளத்தோடு ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போயிருக்கிறார். அங்கே மருந்து ஒவ்வாமை என்று சொல்லி எல்லாக் குளிசையையும் நிறுத்திவிட்டார்கள். என்னிடம் வந்தபோது எட்டு மாதம் கடந்திருந்தது. வலை முடிச்சுப் போடும் இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டிருந்தன. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இனி என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றது இன்றைக்கும் மறக்கவில்லை.

வலியே இல்லாமலும் நரம்பு போகும். அதற்காகத்தான் ஒவ்வொரு தவணையிலும் நைலோன் இழையால் தொட்டுப் பார்க்கிறோம், சின்னவிரலை விரிக்கச் சொல்லி, பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, பாதத்தை உயர்த்தச் சொல்லி, கண்ணை இறுக மூடச் சொல்லிப் பலம் பார்க்கிறோம். குளிசை மட்டும் தந்து அனுப்பப் பார்த்தால், மிஸ் கையையும் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

சீனன்குடாவிலிருந்து ஒரு அக்கா: மருந்து தொடங்கியதும் சிறுநீர் சிவப்பாகப் போகிறது, முகமும் கறுத்துவிட்டது. எல்லாரும் கேட்கிறார்கள்.

சிவப்பு ரிஃபாம்பிசினால், மாதம் ஒரு தடவை எடுக்கும் அன்றைக்கு மட்டும். கறுப்பு க்ளோஃபசிமினால். கறுப்பு வெயிலில் கூடும், மருந்து முடிந்து மாதங்கள் போகப் போகக் குறைந்து போகும். மூன்றாவது மருந்து டாப்சோன், நாளாந்தம் எடுப்பது. மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொன்னது 1980களின் தொடக்கத்தில், ஏனென்றால் டாப்சோனைத் தனியாகக் கொடுத்துக் கொடுத்துக் கிருமி அதற்குப் பழகிவிட்டது. ஐந்து அடையாளம்வரை என்றால் ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் ஒரு வருடம், எல்லாம் இலவசம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதல் ஆறு கிழமைக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு எழும்பினாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ டாப்சோனை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூதூர் தங்கச்சிக்கு நிறுத்தாதே என்றேன், உங்களுக்கு நிறுத்து என்கிறேன், குழம்ப வேண்டாம். பழைய அடையாளங்கள் மட்டும் சிவந்து வீங்குவது வேறு, அடையாளம் இல்லாத தோலிலும் காய்ச்சலோடு தடிப்பு வருவது வேறு.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி: இந்த நோயில் விரல் அழுகி விழுமா?

விழாது தம்பி. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் இதைத்தான் வருடக்கணக்காகப் பார்த்துக் காட்டினார். விரல் குறுகுவது நோவு தெரியாத கையில் ஏற்படும் காயத்தாலும் தீப்புண்ணாலும், அவை சீழ் பிடிப்பதாலும்.

திருக்கடலூரிலிருந்து: அவருக்கு மருந்து முடிந்து எட்டு வருடம். இப்போது குதிக்காலில் புண், ஆறுதில்லை. நோய் திரும்பிவிட்டதா?

அநேகமாக இல்லை அக்கா, ஆனாலும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். கிருமி செத்தாலும் போன நரம்பு திரும்பவில்லை, ஆகவே உள்ளங்காலுக்கு நோவு தெரியாது. எங்களுக்கு ஒரு இடத்தில் அழுத்தம் கூடினால் தெரியாமலே காலை மாற்றி வைப்போம், அவர் மாற்ற மாட்டார், மணிக்கணக்காக ஒரே இடத்தில் மிதித்துக் கரைவலை இழுப்பார். பத்து மணிக்கு மேல் கடற்கரை மணலே பாதத்தைச் சுட்டுவிடும்.

புண்ணுக்கு முதல் மருந்து ஓய்வு. எவ்வளவு களிம்பு பூசினாலும் அந்தப் புண்ணில் நடந்துகொண்டிருந்தால் ஆறாது. தொழிலை விட்டால் சாப்பாடு எப்படி என்று கேட்பீர்கள், எனக்கும் தெரியும், ஆனால் ஆறு கிழமை ஓய்வுக்குப் பயந்து காலையே இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். தினமும் 20 நிமிடம் சாதாரணப் பச்சைத் தண்ணீரில் பாதத்தை ஊற விட்டு, ஓரத்துக் காய்ப்பை மெல்லத் தேய்த்து, ஈரத்தோடு புண்ணைச் சுற்றியுள்ள தோலுக்குத் தேங்காயெண்ணெய் பூசுங்கள், புண்ணைச் சுத்தத் துணியால் மூடுங்கள். மணம், காய்ச்சல், கால் வீக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஆறிய பிறகு உள்ளே மிருதுவான எம்.சி.ஆர். என்ற நுண்துளை றப்பரும் வெளியே கடினமான அடியும் உள்ள செருப்புத்தான் போட வேண்டும், போடுமுன் உள்ளே கையால் தடவிக் கல்லோ முள்ளோ இருக்கிறதா பாருங்கள். கன்னியா வெந்நீரூற்றுக்குக் கொண்டுபோய்க் காலை நனைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம். ஏழு கிணற்றிலும் சூடு ஒரே அளவில்லை, அவருக்குச் சூடே தெரியாது. கோயிலில் தீமிதிக்க நேர்த்தி வைத்திருந்தால் அதையும் வேறு விதமாக நிறைவேற்றச் சொல்லுங்கள், அம்மன் கோபிக்க மாட்டா.

நிலாவெளியிலிருந்து: அண்ணிக்குத் தொழுநோய். கோப்பை, பாய் எல்லாம் வேறாக்கிவிட்டோம். நாங்களும் மருந்து எடுக்க வேண்டுமா?

கோப்பையையும் பாயையும் திரும்பச் சேர்த்து வையுங்கள், இன்றைக்கே. மருந்து தொடங்காத, கிருமி கூடிய ஒருவரோடு நீண்ட காலம் நெருங்கி இருப்பவருக்கு மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் போகும் துளிகளால்தான் இது பரவுகிறது, அப்படியும் பெரும்பாலானவர்களின் உடம்பு தானாகவே எதிர்த்துவிடும். மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவாகப் போய்விடும். மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவில் ஆட்களை ஒதுக்கி வைத்த காலம் இருந்தது, கொழும்புக்குக் கிட்ட உள்ள ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இலேயே அதற்கென்று ஆஸ்பத்திரி கட்டினார்கள். அப்போது மருந்து இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

மற்றவர்கள் எல்லாரும் ஒரு தடவை தோலைக் காட்டுங்கள், பிறகும் சில வருடம் வருடாவருடம். வங்காளதேசத்தில் நோயாளிகளோடு பழகிய 20,000க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ரிஃபாம்பிசின் ஒரே ஒரு தடவை கொடுத்ததால் அடுத்த இரண்டு வருடத்தில் நோய் வருவது 57 வீதம் குறைந்தது. உங்களுக்கு அது தேவையா என்று டாக்டர் சொல்லுவார், காசநோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் தருவார்கள். அண்ணி கர்ப்பமாக இருந்தாலும் இந்தக் குளிசைகளைத் தொடரலாம், பிள்ளைக்குப் பாலும் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மாதங்களில் ரியாக்ஷன் வரக்கூடும், அந்த மாதங்களில் கை கால் சோதனையைத் தவறவிட வேண்டாம்.

சம்பூரிலிருந்து, 24 வயது: வலது பாதம் தொங்கிவிட்டது, நடக்கும்போது பெருவிரல் தரையில் இழுபடுகிறது. ஒன்றரை வருடம். இனி ஒன்றுமே செய்ய முடியாதா?

முடியும் தம்பி. நரம்பைத் திருப்ப முடியாது, ஆனால் கணுக்காலின் உள்பக்கமாக வரும் பலமுள்ள ஒரு தசைநாரை எடுத்துப் பாதத்தின் மேல்பக்கம் பொருத்தும் சத்திர சிகிச்சை இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தத் தசைக்குப் புது வேலை பழக்குவது எங்கள் பொறுப்பு, கிழமைக்கணக்கில் எடுக்கும், இளம் ஆட்கள் சுறுக்காகப் பிடித்துக்கொள்வார்கள். மருந்து முடிந்திருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதம் ரியாக்ஷனோ நரம்பு நோவோ இல்லாமல் இருந்திருக்க வேண்டும், கணுக்கால் மூட்டு இறுகாமல் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் டாக்டர் பார்ப்பார், மூன்றாவது உங்கள் கையில். இன்றிரவே காலை நீட்டி இருந்து, ஒரு சாரத்தைப் பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள், முப்பது எண்ணும்வரை, பத்துத் தரம், காலையும் மாலையும். பெருவிரல் உரசிப் புண்ணாகாமல் இருக்கச் செருப்பின் முன்பக்கத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே ஒரு இழுபடும் பட்டி கட்டலாம், வந்தால் நான் அளவெடுத்துத் தருகிறேன். கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள்.