எதிர்ப்பொருளைக் கையிலிருந்து விட்டால் மேலே போகுமா?

மேலே போகும் என்று ஏதோ காணொளியில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லை, எதிர்ப்பொருள் (சாதாரணத் துகள்களுக்கு எதிர் மின்னூட்டமுள்ள இணைத் துகள்களால் ஆனது) கீழேதான் விழுகிறது. செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு இதை நேரடியாக அளந்து 2023 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டது.

'ஒரு எதிர்புரோட்டானை (புரோட்டானின் எதிர்த்துகள்) கீழே விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?' என்பார்கள். தெரியாது. அதற்கு மின்னூட்டம் இருக்கிறது. மீட்டருக்கு ஒரு வோல்ட்டில் கோடியில் ஒரு பங்கு மின்புலம் இருந்தாலே அதன் எடை அடிபட்டுப்போகும். அதனால்தான் மின்னூட்டமில்லாத ஆன்டிஹைட்ரஜன், அதாவது ஹைட்ரஜனின் எதிர்ப்பொருள் அணு, தேவைப்பட்டது. கதிரியக்கச் சோடியம்-22 தரும் பாசிட்ரான்களோடு (எலக்ட்ரானின் எதிர்த்துகள்கள்) வேகம் குறைத்த எதிர்புரோட்டான்களைக் கலந்து அணுவாக்கி, காந்தப் பொறியில் பிடிக்கிறார்கள். பொறியின் ஆழம், அதாவது அது பிடித்துவைக்கக்கூடிய அணுவின் ஆற்றல், வெப்பநிலைக் கணக்கில் 0.5 கெல்வின்தான், அதைவிடச் சூடான அணு சுவரில் பட்டு அழிந்துவிடும். கலவையைத் திரும்பத் திரும்பச் செய்து சேர்த்தாலும் ஒரு சுற்றுக்குச் சுமார் 100 அணுக்கள்தான் தேறும்.

பொறி செங்குத்தானது. மேலும் கீழும் மூடிபோல இரண்டு காந்தச் சுருள்கள், இடைவெளி 25.6 செ.மீ. இரண்டின் மின்னோட்டத்தையும் 20 வினாடியில் சேர்ந்தாற்போலக் குறைத்தால் அணுக்கள் தப்பி ஓடிச் சுவரில் அழியும். அப்போது தெறிக்கும் பையான்கள் என்ற துகள்களின் தடத்தை வைத்து, அழிந்தது மேலேயா கீழேயா என்று எண்ணுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். அந்த 25.6 செ.மீ. உயரத்துக்குப் புவியீர்ப்பு தரும் ஆற்றல் வேறுபாடு, அதே வெப்பநிலைக் கணக்கில், வெறும் 0.3 மில்லிகெல்வின்; காந்தப்புலக் கணக்கில் நாலரை காஸ் (காந்தப்புல அலகு). சுருள்களின் புலமோ பத்தாயிரம் காஸுக்கு மேல். மேல்சுருள் நாலரை காஸ் கூடுதலாக இருந்துவிட்டால், ஈர்ப்பே இல்லாவிட்டாலும் இருப்பதுபோலக் காட்டும். எனவே பொறிக்குள் எலக்ட்ரான்களை நிறுத்தி, அவை காந்தப்புலத்தில் சுற்றும் அதிர்வெண்ணை நுண்ணலையால் கண்டு புலத்தை அளந்தார்கள். பிறகு வேண்டுமென்றே இரு சுருள்களுக்கும் வித்தியாசம் வைத்து, மேலும் கீழும் பாதிப்பாதி வெளியேறும் இடத்தைத் தேடினார்கள். வித்தியாசம் வைக்காதபோது சாதாரண ஈர்ப்புக்குச் சுமார் 80 சதவீதம் கீழே வரவேண்டும். அணுக்களுக்கு வெப்ப வேகம் இருப்பதால் மிச்சம் மேலேயும் போகும். கிடைத்ததும் ஏறக்குறைய அதுவே.

விடை 0.75 ஜி (ஜி என்பது சாதாரணப் பொருள் விழும் முடுக்கம்). 'அப்படியானால் மெதுவாக விழுகிறது' என்று உடனே முடிவுகட்டுகிறவர்களுக்கு: அதில் அளவீட்டுப் பிழை 0.13, கணினி உருவகப்படுத்தலின் பிழை 0.16. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.21 வரும். 1 என்ற எண் அந்தப் பிழைக்கு வெகுதூரத்தில் இல்லை. எதிர்ஈர்ப்பு, அதாவது மேலே தள்ளப்படும் என்ற சாத்தியத்தைத்தான் இந்தச் சோதனை வெட்டியெறிந்தது.

 

0.75-இன் பிழையைச் சுருக்க அணுக்கள் இன்னும் குளிர வேண்டும். ஆன்டிஹைட்ரஜனை லேசரால் குளிர்விக்க முடியும் என்று அதே குழு 2021-இலேயே காட்டிவிட்டது.