ஒரு நடிகைக்காக ஏன் அழுகிறார்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். 2025 ஏப்ரலில் நோரா அவுனோர் என்ற நடிகை இறந்த செய்தி வந்த அன்று, எங்கள் வார்டில் இருக்கும் பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். “எங்கள் சூப்பர்ஸ்டார்” என்றார். அறைக்கு வந்து தேடிப் பார்த்தேன். ரொம்பச் சாதாரண முகம். ‘ஹிமாலா’ என்ற படத்தில் ஒரே ஒரு காட்சி பார்த்தேன், கூட்டத்தின் முன்னால் நின்று கத்துகிறார். போதைப்பொருள் வழக்கில் கைதானவர் என்றும் படித்தேன். அப்படிப்பட்டவருக்கு அரசு மரியாதையோடு அடக்கமா? உலக சினிமா பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். அவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது?

எஸ்., ஷார்ஜா

அன்புள்ள எஸ்.,

சாதாரண முகம் என்கிறீர்கள். அவருடைய கதையே அந்த முகத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1960களில் மணிலா ஸ்டுடியோக்காரர்களுக்கு நாயகி என்றால் ஸ்பானிய, அமெரிக்கக் கலப்புள்ள வெள்ளைத் தோலும் கூர்மூக்கும் வேண்டும். நோராவோ மாநிறம். ஐந்தடிக்கும் குறைவான உயரம். பிக்கோல் வட்டாரத்தில் இரிகா என்ற ஊரில் 1953இல் பிறந்தவர். சின்ன வயதில் அந்த ஊர் ரயில் நிலையத்தில் பயணிகளுக்குத் தண்ணீர் விற்றிருக்கிறார். நாடே கேட்ட ஒரு பாட்டுப் போட்டியில் 1967இல் பட்டம் வென்றபோது வயது 14. சினிமாவுக்குள் அவரைக் கொண்டுபோனது அந்தக் குரல்தான். உள்ளே போனபிறகு, அந்த முகத்தில் தங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டு வேலைக்காரிகளும் ஆலைப் பெண்களும் சந்தைக் கடைக்காரிகளும். திரையில் முதல்முறையாகத் தங்களைப் போல ஒருத்தி.

அதற்குப் பிறகு நடந்தது வெறி. டிர்சோ குரூஸ் என்ற நடிகரோடு அவர் ஜோடி சேர்ந்தபோது, டிர்சோ கொடுத்த ஒரு பொம்மையை இருவருக்கும் பிறந்த பிள்ளையாகவே ரசிகர்கள் வரித்துக்கொண்டார்கள். அதற்கு மரியா லியோனோரா தெரேசா என்று பெயர். போட்டி நடிகை வில்மா சாண்டோஸின் ரசிகர்களுக்கும் நோராவின் ரசிகர்களுக்கும் தலைமுறை தாண்டிய பகை. அந்தக் காலத்துப் பாட்டுப் படங்களை இன்று உட்கார்ந்து பார்ப்பது கஷ்டம், நீங்களும் முயல வேண்டாம்.

நான் அவரைப் பெரிய கலைஞர் என்று நம்புவது இதற்கு அடுத்து அவர் செய்ததற்காக. கிடைத்த பணத்தையும் பெயரையும் வைத்து சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் நடக்கும் ‘தத்லோங் தாவோங் வாலாங் தியோஸ்’ 1976இல் அதில் வந்தது, இயக்கம் மாரியோ ஓஹாரா. விமர்சகர்கள் தொடங்கிய உரியான் விருதில் சிறந்த நடிகைக்கான முதல் விருது அந்தப் படத்துக்காக அவருக்குப் போனது. அப்புறம் 1980இல் லினோ ப்ரோக்காவின் இயக்கத்தில் ‘போனா’. அதையும் அவரே தயாரித்தார்.

‘போனா’வைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மணிலாவின் கியாப்போ தேவாலயத்துக் கறுப்பு நசரேயன், அதாவது சிலுவை சுமக்கும் கரிய இயேசு சிலையின் ஊர்வலத்தோடு படம் தொடங்குகிறது. சிலையைத் தொட்டுவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறுகிறார்கள். போனா ஓரளவு வசதியான வீட்டுப் பள்ளி மாணவி. சண்டைப் படங்களில் அடிவாங்கிவிட்டுப் போகும் ஒரு துக்கடா நடிகன்மேல் பைத்தியமாகி, குடும்பத்தை உதறிவிட்டுச் சேரியிலுள்ள அவன் குடிசைக்கே போய்விடுகிறாள். பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமந்து வருகிறாள், அடுப்பில் காய்ச்சி, விளாவி, அவனைக் குளிப்பாட்டுகிறாள். அவன் வேறு பெண்களைக் கூட்டி வருகிறான், இவள் அவர்களுக்கும் சேர்த்து வேலை செய்கிறாள். நோரா இங்கே எதையும் பெரிதாகச் செய்து காட்டுவதில்லை. அந்தத் தண்ணீர்ப் பானையைக் கவனித்தபடி நிற்கும்போது கண்ணில் மட்டும் ஏதோ கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும். கடைசியில் கொதிக்கும் தண்ணீரோடு அவள் திரும்பும் நேரத்தில், ஒரு மணி நேரமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நமக்கு உறைக்கும்.

யோசித்துப் பாருங்கள். நாட்டிலேயே அதிகமாகக் கும்பிடப்பட்ட நடிகை, தன் காசைப் போட்டு ஒரு ரசிகையின் கதையைப் படமாக்கி, அந்த ரசிகையாகத் தானே நடிக்கிறார். தன்னைச் சுற்றி நின்ற கூட்டத்தின் உள்ளே புகுந்து, அந்தப் பக்தி ஒரு பெண்ணை என்ன செய்கிறது என்று பார்க்கிறார். இந்தத் துணிச்சலுக்கு ஈடாக இன்னொரு நட்சத்திரத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து வந்த ‘ஹிமாலா’ இதற்கு மறுபக்கம். இஷ்மாயல் பெர்னால் இயக்கியது, எழுதியது ரிக்கி லீ. அப்போதைய சர்வாதிகாரி மார்கோஸ் ஆட்சியின் அரசு நிறுவனம்தான் பணம் போட்டது. மழை பொய்த்த குபாங் என்ற ஊரில் எல்சா என்ற பெண், மொட்டை மரத்தடியில் மாதா காட்சி தந்ததாகச் சொல்கிறாள். நோய் தீர்க்கத் தொடங்குகிறாள். கூட்டம் வருகிறது, கடைகள் வருகின்றன, விபசார விடுதியும் வருகிறது. ஒரு வன்கொடுமைக்குப் பிறகு எல்சா கருவுற்றபோது ஊர் அதையும் அற்புதம் என்கிறது. நீங்கள் பார்த்த காட்சி அதன் முடிவு. ஏறக்குறைய 3,000 துணை நடிகர்கள் முன்னால் நின்று எல்சா சொல்வது இதுதான்: அற்புதம் என்று ஒன்று இல்லை, அற்புதங்களையும் சாபங்களையும் கடவுள்களையும் செய்வது நாம்தான். உடனே ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. படம் முழுக்க ஏறத்தாழ குரலே எழுப்பாதவள் அங்கேதான் வாய்விட்டுப் பேசுகிறாள். தனியாக அந்தத் துண்டை மட்டும் பார்த்தால் கத்துவதாகத்தான் தெரியும், உங்கள்மேல் தப்பில்லை. படம் 1983இல் பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது.

உங்கள் வார்டு நர்ஸ் அழுததற்கு இன்னும் நேரடியான காரணமும் இருக்கலாம். 1976இல் வந்த ‘மின்சாய் இசாங் கமுகமோ’வில் நோரா அமெரிக்கா போகக் கனவு காணும் நர்ஸ். பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்க ராணுவத் தளத்தின் காவல் வீரன் அவள் தம்பியைச் சுட்டுவிட்டு, காட்டுப் பன்றி என்று நினைத்தேன் என்கிறான். “என் தம்பி பன்றி இல்லை” என்று அவர் வெடிக்கும் வரி அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். 1995 மார்ச்சில் ஃப்ளோர் கொன்டெம்ப்ளாசியோன் என்ற பணிப்பெண்ணை சிங்கப்பூர் தூக்கிலிட்டபோது பிலிப்பைன்ஸ் முழுக்கக் கொதித்தது. அதே ஆண்டு அந்தப் பெண்ணாக நடித்தவர் நோரா, கெய்ரோ விழாவில் அதற்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு இது வெறும் சினிமாவாக இருக்க முடியாது.

சரி, கைது விஷயம். நடந்தது உண்மை. 2005இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பிடிபட்டார். சிகிச்சைத் திட்டத்தை முடித்தபின் வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் அந்தக் கைதைக் காரணமாக வைத்து 2014இல் அப்போதைய அதிபர் மூன்றாம் பெனிக்னோ அக்கினோ, கலைஞர்களுக்கு நாடு தரும் உயரிய பட்டமான தேசியக் கலைஞர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கினார். (‘மின்சாய் இசாங் கமுகமோ’வை இயக்கிய லுபிதா அக்கினோ அந்த அதிபரின் சொந்த அத்தை.) அது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். போதைப் பழக்கம் ஒரு நோய். விருது கலைக்குத் தருவது. 2022இல் அந்தப் பட்டம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. வீரர்கள் மயானத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது அந்தப் பட்டத்துக்குரிய உரிமை, யாரும் போட்ட பிச்சை இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு அடியும் விழுந்தது. 2010இல் ஒரு அழகு சிகிச்சை தவறிப்போய் பாடும் குரலை இழந்தார். பாட்டால் வந்தவருக்குப் பாட்டு போனது. இரண்டே வருடத்தில் பிரில்லான்டே மெண்டோசாவின் ‘தை வூம்ப்’ படத்தில் பிலிப்பைன்ஸின் தெற்கிலுள்ள தாவி தாவி தீவுகளில் வாழும் பஜாவ் என்ற கடலோடி இனத்து மருத்துவச்சியாக வந்தார். பிள்ளையில்லாதவள், ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்துத் தொப்புள்கொடிகளைச் சேர்த்து வைக்கிறாள், கணவனுக்கு இரண்டாவது மனைவியைத் தானே தேடிப் போகிறாள். வசனம் மிகக் குறைவு. படகில் உட்கார்ந்து பணத்தை எண்ணும்போதும் பாய் முடையும்போதும் அவர் முகத்தைப் பார்த்தாலே போதும். அது வெனிஸ் போட்டிக்குப் போன அதே 2012 விழாவில்தான், புதுப்பித்த ‘ஹிமாலா’வும் திரையிடப்பட்டது.

நீங்கள் ‘போனா’விலிருந்து தொடங்குங்கள். 2024இல் கான் விழாவில் அதன் புதுப்பித்த பிரதியைக் காட்டினார்கள், பழைய தேய்ந்த பிரதிகளில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்து ‘ஹிமாலா’வை முதலிலிருந்து முழுதாக. ‘தை வூம்ப்’ கடைசி. பார்த்துவிட்டு எழுதுங்கள், குறிப்பாக ‘போனா’வின் அப்பா வரும் காட்சிகள் உங்களுக்கு எப்படிப் பட்டன என்று.